இருபத்தொரு முறுக்கும் நயினார் அண்ணாச்சியின் நீள வண்டியும்

ஆலங்குளம் சாலையில் பழைய கார் விற்கும் ஆறுமுகநயினார் வாயைத் திறந்தால், கேட்கிறவர்கள் முதலில் காதைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள், பூ ஏதும் சுற்றியாகிவிட்டதா என்று. சங்கரவடிவுக்கும் அது தெரியும். தெரிந்தும் வந்திருந்தாள்.

கல்யாணச் சீருக்குக் கைமுறுக்கு சுற்றுவது அவள் தொழில். பதினொரு சுற்று, சாப்பாட்டுத் தட்டு அகலம். போன மாதம் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய நூற்றொரு முறுக்கில் அறுபது தூளாகப் போய்ச் சேர்ந்தது. "இது சீர் முறுக்கா, சத்துமாவா?" என்று மாப்பிள்ளை வீட்டார் சபையில் கேட்டுவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை சுரண்டையில் அடுத்த கல்யாணம். அதுவும் நொறுங்கினால் அந்த வட்டாரத்தில் ஒருத்தரும் அவளிடம் முறுக்குச் சொல்ல மாட்டார்கள். தட்டுகளைப் பரப்பி வைக்க, கூரை பின்னால் நீண்டு போகிற கார் வேண்டும். கையில் இருந்ததோ தொண்ணூறாயிரம்.

வண்டி பார்க்க அவர்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. மினி பஸ் ஓட்டும் புருஷன் நம்பிராசன் இன்ஜினைப் பார்ப்பான். அவள் முறுக்கைப் பார்ப்பாள். இருபத்தொரு முறுக்கை ஒரு மூங்கில் தட்டில் அடுக்கி, துணி போட்டு மூடிப் பின்னால் வைத்து, குளத்துக்கரை மேடு பள்ளத்தில் ஓட்டிவரச் சொல்வாள். காலையில் பார்த்த முதல் வண்டியில் ஏழு போனது. இரண்டாவதில் பதின்மூன்று.

மூன்றாவது, நயினாரின் தவிட்டு நிற வண்டி. நம்பிராசன் ஓட்டிவந்து நிறுத்தி ஒரு தடவை இருமினான். இன்ஜின் சுத்தம் என்று அர்த்தம். வடிவு பின்கதவைத் திறந்து துணியைத் தூக்கிப் பார்த்தாள். இருபத்தொன்றும் முழுசு! கத்திச் சிரிக்கத் தோன்றியது அவளுக்கு. துணியை மூடிவிட்டு, எழவு வீட்டுக்கு வந்தவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"என்ன வெலை அண்ணாச்சி?"

"ஒன்றரை லச்சம். தங்கச்சிங்கதனால சொல்லுதேன்."

"வண்டிய ஓட்டிப் பாத்ததுல..." என்று ஆரம்பித்தாள் வடிவு. அவ்வளவுதான், நயினார் கையமர்த்திவிட்டார்.

"ஓட்டிப் பாத்து என்னத்தத் தெரியும் தாயி? எங்கிட்டக் கேளு. ஒரு தெப்பத் திருவிழாவுக்குக் கோயில் யானைய இதுலதான் ஏத்திக் கொண்டுபோனேன். மடக்கி உக்கார வச்சாச்சு. ஆத்தாடி, அது சொகமாத் தூங்கிட்டு. எறங்கச் சொன்னா எறங்க மாட்டேங்கு!"

பக்கத்துப் பட்டறை மெக்கானிக் சேவியர் டீ கிளாசோடு வந்து நின்றார். "தும்பிக்கைய எங்கன வச்சீரு?"

"சன்னல் வழியா வெளிய விட்டுருந்துச்சுவே. வளைவுல அதுதான் கை காட்டும்."

வடிவு சிரிக்கவில்லை. "யானை உக்காந்த வண்டியா? அப்ப ஸ்பிரிங் பட்டை தொஞ்சிருக்கும். பத்தாயிரம் கொறச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

நயினாருக்குத் திக்கென்றது. ஆனாலும் ஓடுகிற வாயை நிறுத்தி அவருக்குப் பழக்கம் இல்லை.

"பட்டையா? ஆத்துல வெள்ளம் கரை பொரண்டு போகும்போது இந்த வண்டி நீந்தி அக்கரைக்குப் போச்சு. மேல எட்டுப் பேரு. நடு ஆத்துல இன்ஜினுக்குள்ள கெண்டை மீன் ஏறிட்டு. கரையேறி மூடியத் தெறந்தா, கொழம்பு கொதிச்சுத் தயாரா இருக்கு!"

"புளி யாருவே கரைச்சா?" என்றார் சேவியர்.

"தண்ணி குடிச்ச வண்டின்னா அடித்தகடு துருப்பிடிச்சிருக்கும். இன்னொரு பதினஞ்சாயிரம் கொறைங்க," என்றாள் வடிவு.

"துருவாவது! மதுரைக்கு ரயிலோட பந்தயம் விட்டோம். நான் போயிச் சேந்து, இட்லி தின்னு, கையும் கழுவிட்டேன். ரயிலு வரல. அது கெடக்கட்டும், வண்டியோட நெழலே வரல! அது அப்பத்தான் கோயில்பட்டி தாண்டி மூச்சு வாங்கிட்டு வருது."

"அம்புட்டு ஓட்டம் ஓடியிருந்தா இன்ஜின் தேஞ்சிருக்குமே. இருவதாயிரம்."

பட்டறைப் பையன்கள், டீக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. சேவியர் விரல் மடக்கி, "ஒரு லச்சத்து அஞ்சாயிரத்துக்கு வந்துட்டு, அண்ணாச்சி. இன்னும் ரெண்டு கதை விட்டியள்னா வண்டியும் கொடுத்து வழிச்செலவும் கொடுக்கணும்," என்றார்.

நயினாருக்கு வேர்த்துவிட்டது. சட்டென்று கதையைத் திருப்பினார். "இல்ல தாயி, நெசத்தச் சொல்லுதேன். இந்த வண்டி எங்கயுமே போனதில்ல. முன்ன வச்சிருந்தவரு இதுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுவாரு, திருஷ்டி சுத்துவாரு, போர்வை போத்துவாரு. சாவியத் தொட்டதே கெடையாது!"

"நின்ன எடத்துலயே நின்ன வண்டியா?" வடிவு கன்னத்தில் கை வைத்தாள். "டயரு வெடிச்சு, பேட்டரி செத்துல்லா போயிருக்கும்!"

நயினார் தலைக்கு மேல் கையைத் தூக்கிவிட்டார். முப்பது வருஷத் தொழிலில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை, அத்தனை பேர் முன்னால் வந்தது. "யம்மா, விட்டுரு! எல்லாம் புளுகு! யானையும் புளுகு, மீனும் புளுகு, போர்வையும் புளுகு! இந்த வண்டியப் பத்தி நான் சொன்னதுல ஒரு சொல்லுகூட நெசமில்ல! போதுமா?"

"ஒண்ணுகூடவா?"

"எங்க குலசாமி மேல சத்தியமா, ஒண்ணுகூட!"

வடிவு நிதானமாகக் கேட்டாள். "ஒன்றரை லச்சம்னு சொன்னதும் நீங்கதான அண்ணாச்சி?"

டீக்கடைக்காரருக்குச் சிரிப்பில் புரையேறியது. வடிவு தொண்ணூறாயிரத்தை எடுத்து நயினார் கையில் வைத்தாள். குலசாமி மேல் சத்தியம் செய்துவிட்டவர் சாவியைக் கொடுத்தார்.

அவர் வாடிப்போய் நின்றதைப் பார்க்க அவளுக்கே பாவமாகிவிட்டது. பின்கதவைத் திறந்து, துணியை விலக்கி, ஒரு முறுக்கை எடுத்து நீட்டினாள். நயினார் தட்டையே உற்றுப் பார்த்தார். குளத்துக்கரைப் பள்ளங்கள் அவருக்குத் தெரியாதவை அல்ல. அவர் கதை எதிலும் வராத பெருமை அந்தத் தட்டில் இருந்தது.

"தாயி, ஒண்ணுகூட ஒடையலியே! இத மொதல்லயே சொல்லப்பிடாதா?"

"சொல்லத்தான் வந்தேன்," என்றாள் வடிவு. "நீங்க எங்க பேச விட்டிய?"