பதினோராவது குடம்

முன்னொரு காலத்தில், மேகங்கள் மூன்று வருஷமாக வழி தவறிப் போயிருந்த ஒரு நாட்டில், ஒரு ராஜா இருந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாகக் காதில் யார் ஓதினார்களோ அவர்கள் சொன்னதே அவனுக்கு வேதம். அவன் சபையில் விகடம் சொல்லிப் பிழைத்தவன் கூத்தன். அரண்மனைக் குளத்துக்குக் காவல் அதிகாரி வில்லவராயன். கூத்தன் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் வில்லவராயனுக்கு வயிறு எரியும். தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் அந்த நெருப்பை எதைக் கொண்டு அணைப்பது?

ஆறும் கிணறுகளும் வற்றிய பிறகு நகரத்துக்கே அந்தக் குளம்தான் கதி. வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றினார்கள். கலங்கல் தண்ணீர். அதைக் குடித்து ஊரில் பேதி கண்டது. தெருவுக்கு இரண்டு பாடை புறப்பட்டது. ராணியும் படுத்துவிட்டாள்.

கூத்தன் வீட்டில் மட்டும் யாருக்கும் ஒன்றுமில்லை. காரணம் அவன் மனைவி நங்கை. போன பஞ்சத்தில் கூடப்பிறந்த தங்கையை இதே பேதிக்குப் பறிகொடுத்தவள். அன்றிலிருந்து தண்ணீரென்றால் அவளுக்குப் பயம். கூடத்தில் பதினொரு குடங்களை வரிசையாக வைத்திருந்தாள். குளத்துத் தண்ணீர் முதல் நான்கு குடங்களில் நிற்கும். சேறு அடியில் தங்கியதும், மேலே தெளிந்ததை அலுங்காமல் சாய்த்து, உட்புறம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து வைத்த மூன்று குடங்களில் ஊற்றுவாள். மிச்சமிருந்த கலங்கலும் அதில் இறங்கிவிடும். பிறகு நாலாய் மடித்த துணியில் வடித்து இன்னொரு மூன்று குடங்கள். அதிலிருந்து தினம் ஒரு குடம் அடுப்பேறித் தளதளவென்று கொதித்து, ஆறி, பதினோராவது குடத்தில் மூடியோடு உட்காரும். அதை நீளக் காம்பு அகப்பையால்தான் மொள்ள வேண்டும்.

"ராஜா தரிசனம்கூடச் சுளுவாக் கிடைக்குது நங்கை. இந்தக் கடைசிக் குடத்தோட தரிசனம்தான் கிடைக்க மாட்டேங்குது" என்பான் கூத்தன்.

"நல்லாக் கேலி பண்ணுங்க. கையை மட்டும் உள்ள விட்டுடாதீங்க."

இந்தப் பதினொரு குடம் வில்லவராயன் காதுக்கு எட்டியது. நேராக ராஜாவிடம் போனான்.

"அரசே, சிலர் குடம் குடமாகக் குடிநீரைப் பதுக்குகிறார்கள். குளம் வற்றுவது அதனால்தான்."

போதாதா ராஜாவுக்கு? அன்றே ஊரெங்கும் தண்டோரா போட்டார்கள். "ஒரு வீட்டில் ஒரு குடத்துக்கு மேல் குடிக்கிற தண்ணீர் இருந்தால், வீட்டுத் தலைவனின் தலையை யானை இடறும்! மாட்டுக்கும் துவைக்கவும் வைத்திருந்தால் குற்றமில்லை!"

தண்டோரா ஓய்வதற்குள் கூத்தன் வாசலில் காவலர்கள் நின்றார்கள். நங்கை ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"குடம் வச்சவ நான். என்னைக் கொண்டு போங்க!"

"சும்மா இரு நங்கை. வீட்டுத் தலைவன்னு சொல்லியிருக்காங்க. அது யாருன்னு இத்தனை நாளா நமக்குள்ள வழக்கு. இன்னைக்கு ராஜாவே தீர்ப்புச் சொல்லிட்டார்" என்றான் கூத்தன். வாய்தான் சிரித்தது. மேல்துண்டை எடுக்க மறந்தே காவலர்களோடு நடந்தான்.

சபையில் பதினொரு குடங்களும் வரிசையாக வைக்கப்பட்டன. அகப்பையும் கையுமாக நங்கையும் பின்னாலேயே வந்து நின்றாள். முற்றத்தில் பட்டத்து யானை காத்திருந்தது. மூன்று நாள் தூங்காத ராஜாவின் கண்கள் சிவந்திருந்தன.

"கூத்தா, இன்று எனக்குச் சிரிப்பு வராது. உள்ளே ராணி நாக்கு வறண்டு கிடக்கிறாள். நீ பதினொரு குடம் பதுக்கியிருக்கிறாய். சொல்ல ஏதாவது உண்டா?"

"உண்டு அரசே. குடிக்கிற தண்ணீர் ஒரு குடத்துக்கு மேல் கூடாது என்பது தங்கள் ஆணை. என் வீட்டில் இருப்பதும் ஒரே குடம்தான், இந்தக் கடைசிக் குடம். மற்ற பத்தும் குடிக்கிற தண்ணீர் அல்ல."

வில்லவராயன் துள்ளி எழுந்தான். "பொய்! அத்தனையும் என் காவலில் உள்ள குளத்து நீர். சுத்தமான குடிநீர் என்று சபையறியச் சொல்கிறேன்!"

"அப்படியானால் என் தலை அரசருடையது" என்றான் கூத்தன். "அதற்கு முன் அதிகாரி இந்த முதல் குடத்திலிருந்து ஒரு செம்பு குடித்துக் காட்டட்டும். குடித்துவிட்டால் யானையை நானே கூப்பிடுகிறேன்."

ஒரு செம்பு தண்ணீர். உள்ளே போனால் எதிரியின் உயிர் வெளியே போய்விடும். வில்லவராயன் செம்பை நிரப்பி வாயருகே கொண்டு போனான். நங்கை கண்களை மூடிக்கொண்டாள்.

செம்பு உதட்டைத் தொடவில்லை. கீழே இறங்கியது.

"அரசே... இன்று எனக்கு விரதம்."

"தண்ணீர்கூடக் குடிக்காத விரதமா?" ராஜா இறங்கி வந்து செம்பைப் பிடுங்கி முகர்ந்தான். முகம் கோணியது. "இது என்ன நாற்றம்?"

முற்றத்தில் நின்ற பாகனுக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும். சூது அறியாதவன், சொல்லிவிட்டான்.

"அது நம்ம யானைங்க குளிக்கிற வாடைங்க மகாராசா. ஆத்துல தண்ணி இல்லைன்னு அதிகாரி ஐயாதான் குளத்துப் பின்படி வழியா இறக்கிக்கச் சொன்னாரு. பன்னெண்டு யானையும் தினம் அங்கதான் குளிக்குதுங்க. ஐயா வீட்டுக்கு மலைச்சுனையிலேர்ந்து மாட்டுமேல தண்ணி வருது."

"ராணி குடித்தது இதைத்தானா?" ராஜாவின் குரல் உடைந்தது. பதினோராவது குடத்தின் மூடியைத் தள்ளிவிட்டுச் செம்போடு குனிந்தான்.

"கையை உள்ள விடாதீங்க!" என்று நங்கை கத்தினாள். ராஜா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அவள் அகப்பையைக் கொடுத்தாள். "இதால மொண்டு கொடுங்க மகாராசா. கொஞ்சம் கொஞ்சமா, விடாம கொடுங்க. கஞ்சியும் இதுலயே வைங்க."

"ஆணைப்படி உன் தலை தப்பியது கூத்தா" என்றான் ராஜா. "ராணி எழுந்திருக்கும்வரை அரண்மனையை விட்டுப் போகாதே." அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கக் கூத்தனுக்கே தைரியம் வரவில்லை.

நங்கை தினம் ஒரு குடம் கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் காலை அந்தப்புரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கஞ்சியில் உப்புப் போடக்கூடவா இந்த அரண்மனையில் ஆளில்லை?"

ராணிதான்! ராஜா அழுதுகொண்டே சிரித்தான். கூத்தனைக் கட்டிக்கொண்டு, "என்ன வேண்டும், கேள்!" என்றான்.

"ஊரில் வீட்டுக்கு வீடு பதினொரு குடம் கொடுக்கச் சொல்கிறாள் என் மனைவி. எனக்கு வேண்டியது ஒன்றுதான் அரசே. வில்லவராயரே குளத்துக்குக் காவலாக இருக்கட்டும். தினம் காலையில் ஊரார் முன்னால் குளத்தின் முதல் செம்பை அவர் குடிக்கட்டும்."

வில்லவராயன் முகம் போன போக்கைப் பார்த்து ராஜா சிரித்த சிரிப்பில், மூன்று நாள் மூச்சடக்கியிருந்த அரண்மனையே சேர்ந்து சிரித்தது. கேட்ட இரண்டையும் கொடுத்து, கூத்தன் கழுத்தில் தன் முத்துமாலையையும் போட்டான்.

அதற்கப்புறம் அந்தக் குளத்தில் யானை என்ன, ஒரு வாத்துகூட இறங்கியதில்லை. வில்லவராயனே கையில் கோலோடு படிக்கட்டில் நின்று விரட்டுவான். அடிமண் தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிந்தது.

நங்கை அதையும் காய்ச்சித்தான் குடித்தாள்.