ஆட்காட்டி படித்த ஒரு பக்கம்

ஏரிக்கரையின் கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆட்காட்டிக் குருவியும் அதன் பெடையும் நான்கு முட்டைகளைக் காத்து வந்தன. சற்றுத் தள்ளி, கோரைப் புதருக்குள் ஒரு கானாங்கோழி கூடு கட்டி அடைகாத்துக்கொண்டிருந்தது.

ஆட்காட்டிக்கு ஒரே வேலைதான். யார் வந்தாலும் கத்தும். நரி வந்தால் கத்தும். பாம்பு வந்தால் கத்தும். மாடு மேய வந்தாலும் கத்தும். அதனால் அந்த ஏரியில் யாரும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இரை தேடுவதில்லை. ஆட்காட்டி கத்தினால் ஓட வேண்டும். கத்தாவிட்டால் நிம்மதியாக மேயலாம். இதுதான் அங்கே வழக்கம்.

அந்தக் கரைக்குக் கல்லூரி மாணவன் ஒருவன் தினமும் வருவான். பறவைகளைப் பார்ப்பான். தத்துவப் புத்தகங்களை வாய்விட்டுப் படிப்பான். பிறகு ஒரு நோட்டில் ஏதோ எழுதுவான். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தே ஆட்காட்டி எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது.

ஒருநாள் பலத்த காற்று அடித்தது. நோட்டிலிருந்து இரண்டு தாள்கள் பிய்ந்து பறந்தன. ஒன்று ஆட்காட்டியின் காலடியில் விழுந்தது. மற்றது கோரைப் புதரில் சிக்கியது. கானாங்கோழி அதை இழுத்துத் தன் கூட்டில் போட்டுக்கொண்டது.

ஆட்காட்டி தன் தாளைப் படித்தது.

“உலகை அறிய விரும்புகிறவன் அதைப் பார்க்க மட்டுமே வேண்டும். பார்ப்பவன் குறுக்கிடக் கூடாது.”

ஆட்காட்டி திகைத்துப் போயிற்று! “இத்தனை நாள் நான் எதையுமே சரியாகப் பார்க்கவில்லையே! கண்ணில் பட்ட உடனே கத்தி, எல்லாவற்றையும் கலைத்துவிட்டேனே!”

அன்று முதல் அது கத்தவில்லை.

மூன்றாம் நாள் கானாங்கோழி வந்து கேட்டது. “என்ன தம்பி, தொண்டை கட்டிக்கொண்டதா? சத்தத்தையே காணோமே!”

“நான் இப்போது மாணவன், அக்கா. கவனித்துக்கொண்டிருக்கிறேன்.”

“அதுவும் நல்லதுதான்! மாட்டுக்கும் மண்ணாங்கட்டிக்கும் கத்திக்கொண்டிருந்தாய். என் காதுக்கு இப்போதுதான் விடுமுறை! இனி நிஜமாகவே ஆபத்து வந்தால்தான் கத்துவாய், அப்படித்தானே?”

“ஆபத்து என்றால் என்ன, அக்கா? நமக்கு ஆபத்து. நரிக்கு அது சாப்பாடு அல்லவா?”

“ஐயோ, தலை சுற்றுகிறது! படித்தவர்கள் பேச்சு எனக்கு எதற்கு? என் கூட்டிலும் ஒரு தாள் கிடக்கிறது. வேண்டுமானால் அதையும் வந்து படியேன்!”

“எனக்கு இந்த ஒன்றே போதும். இதையே இன்னும் யோசித்து முடிக்கவில்லை.”

கானாங்கோழி சிரித்துக்கொண்டே போயிற்று. அது தவறாகப் புரிந்துகொண்டது ஆட்காட்டிக்குத் தெரிந்தது. ஆனாலும் திருத்தவில்லை. திருத்துவதும் குறுக்கீடுதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

மறுநாள் காலை கானாங்கோழியின் முட்டைகள் பொரிந்தன. கறுப்புப் பஞ்சு உருண்டைகள் போல மூன்று குஞ்சுகள்! அவற்றுக்குப் புழு தேடித் தாய் நீரோரம் போயிற்று.

அப்போது கருவேலம் புதரிலிருந்து ஒரு கீரி வெளியே வந்தது.

ஆட்காட்டி அதைப் பார்த்தது. “என்ன நடை! ஒரு சருகுகூட அசையவில்லையே! மூக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம் வேலை செய்கிறதே! இதையெல்லாம் இத்தனை நாள் தவறவிட்டேனே!”

கீரி கோரைப் புதரை நோக்கி நடந்தது.

நீரோரத்தில் கானாங்கோழி தலையைத் தூக்கியது. ஒரு கணம் காது கொடுத்தது. சத்தம் எதுவும் இல்லை. மறுபடி குனிந்து மண்ணைக் கிளறியது.

ஆட்காட்டியின் அலகு தானாகவே திறந்தது. அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. அலகை மூடிக்கொண்டது.

கீரி புதருக்குள் நுழைந்தது. ‘கீச்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. பிறகு எதுவும் கேட்கவில்லை.

கீரி வாயை நக்கிக்கொண்டே வெளியே வந்தது. காற்றை மோப்பம் பிடித்தது. மெல்லத் திரும்பிக் கூழாங்கற்களை நோக்கி வந்தது. பெடை தண்ணீர் குடிக்கப் போயிருந்தது. நான்கு முட்டைகளும் வெயிலில் தனியே கிடந்தன.

ஆட்காட்டி அலறியது!

ஏரியே அதிர்ந்தது. கொக்குகள் எழும்பின. தவளைகள் நீருக்குள் குதித்தன. ஆட்காட்டி பாய்ந்து பாய்ந்து கீரியின் தலையில் அடித்தது. சத்தம் கேட்டுப் பெடையும் பறந்து வந்து மோதியது.

கீரி திடுக்கிட்டு ஓடியது. ஓடிக்கொண்டே கத்தியது. “கத்துவாயா நீ? இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டுதானே நின்றாய்! உனக்கும் சம்மதம் என்றல்லவா நினைத்தேன்!”

ஆட்காட்டி இறங்கி முட்டைகளின் அருகே வந்தது.

கானாங்கோழி கூட்டுக்கு ஓடியது. அங்கே இரண்டு குஞ்சுகள் இல்லை. ஈரமான தாளுக்கு அடியில் ஒன்று மட்டும் ஒண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. கானாங்கோழி அழவில்லை. திரும்பி வந்து ஆட்காட்டியின் முன்னால் நின்றது.

“உனக்குத் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி!”

“அக்கா, நான்...”

“முதலில் எங்கே போயிருந்தது இந்தக் குரல்?”

கானாங்கோழி மிஞ்சிய குஞ்சைக் கூட்டிக்கொண்டு ஏரியின் மறுகரைக்குப் போயிற்று. போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்காட்டி அந்த வெறும் கூட்டுக்குப் போயிற்று. அன்று காற்றில் பறந்து வந்த மாணவனின் இரண்டாவது தாள் அங்கேயே கிடந்தது. அதை அலகால் புரட்டிப் படித்தது.

“இன்று என் விதியை நானே மீறினேன். ஆட்காட்டியின் முட்டைகளுக்கு அருகே காவலுக்கு யாரும் இல்லை. ஒரு கீரி அவற்றை நோக்கி நடந்தது. ‘குறுக்கிடக் கூடாது’ என்று எழுதிய கையாலேயே கல்லை எடுத்து எறிந்தேன். எழுதியது தவறா, எறிந்தது தவறா, தெரியவில்லை. ஆனால் முட்டைகள் நான்கும் பத்திரமாக இருக்கின்றன.”

ஆட்காட்டி கூழாங்கற்களின் பக்கம் திரும்பியது. பெடை அந்த நான்கு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

அடுத்தவர் வீட்டு ஆபத்தை ஆராய்ந்துகொண்டு நின்று, தன் வீட்டு ஆபத்துக்கு மட்டும் வாய் திறக்கிற அறிவு, எத்தனை படித்து வந்தாலும் அறிவாகாது.