ரிப்பன் கட்ட ஒரு கதவு

இந்தக் கதையைப் பல வருடங்களாக என்னால் நம்பவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை. சொன்னவர் துணை இயக்குநர் தர்மலிங்கத்தின் ஜீப் ஓட்டுநர் மகிமைதாஸ்.

அலுவலகக் கோப்புகளையெல்லாம் கிளவுடுக்கு மாற்றியாயிற்று. திட்டத்தைத் திறந்துவைக்க அமைச்சர் வருகிறார். தர்மலிங்கம், ஒப்பந்தக் கணினி ஊழியர் ஜெனிபாவைக் கூப்பிட்டு, ரிப்பனை எங்கே கட்டுவது என்று கேட்டார்.

"இங்க திறக்க ஒண்ணுமில்ல சார். எல்லாம் வெளியூர் டேட்டா சென்டர்ல இருக்கு."

"அமைச்சர் கத்தரிக்கோலோட அங்கயா போவார்? நாளைக்கு ஒரு கதவு வேணும். இல்லேன்னா உன் ஒப்பந்தம் இதோட சரிம்மா."

மறுநாள் அவர் அமைச்சரை அழைத்துவரப் போன நேரம், ஜெனிபா பழைய சர்வர் அறைக் கதவில் ரிப்பனைக் கட்டிவிட்டாள். திரும்பி வந்து பார்த்த தர்மலிங்கத்தின் முகம் வெளுத்தது. அதற்குள் அமைச்சர் வெட்டிவிட்டார். உள்ளே வெறும் தரைதான் இருந்தது.

"என்னம்மா, ஒண்ணுமே இல்லையே?"

"அதுதாங்கய்யா திட்டம். இந்த ரூம் நிறைய மெஷின் இருந்துச்சு. இனிமே எதுவும் வேணாம்."

கூட்டம் கைதட்டியது. அமைச்சர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் புழுக்கத்திலயா மெஷின் ஓடுச்சு?"

"ரெண்டு ஏசி இருந்துச்சுங்கய்யா. மெஷினுக்கு முன்னாடியே அது போயிடுச்சு."

"அதுவும் கிளவுடுக்கா?"

"இல்லைங்கய்யா, ஆபீஸ் ஜீப்புல. எந்த வீட்டுக்குன்னு சார்தான் சொல்லணும்."

சாயங்காலமே ரெண்டு ஏசியும் திரும்பி வந்தன. தர்மலிங்கம் மாற்றலாகிப் போனார். ஜெனிபாவுக்கு வேலை நிலைத்தது.

போன மாதம் மகிமைதாஸைப் பார்த்தபோது கேட்டே விட்டேன்: "அண்ணே, ஏசி ஜீப்புல போனதை அந்தப் பொண்ணுக்கு யார் சொன்னது?"