கோணப்பனைவிளை சபையார் கனி பார்த்த கதை

கோணப்பனைவிளை சபையாரைப் போலச் சொல்பேச்சுக் கேட்கிறவர்களை எங்கேயும் பார்க்க முடியாது. தொல்லையே அதுதான். ஒரு ஞாயிறு உபதேசியார் ஞானசிகாமணி, ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னவர், திறக்கச் சொல்ல மறந்துவிட்டார். பாதிச் சபை கண்ணை மூடியபடியே நடந்து போய், அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது.

அந்த உபதேசியார் மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் வெளியூர் கிளம்பினார். போகும்போது மூப்பர் அருமைநாயகத்தையும், மணியடிக்கும் கோயில்பிள்ளை சுவாமியடியானையும் கூப்பிட்டார்.

"கள்ளப் போதகனுவ ஊர் ஊரா அலையுதானுவ. எவன் வந்தாலும் உடனே மேடையில ஏத்திராதீங்க. வேதத்துல சொன்ன மாதிரி, கனியைப் பாத்துத்தான் ஆளை அறியணும்."

இருவரும் தலையாட்டினார்கள்.

முதலில் போதகர் ஒருவர் சைக்கிளில் வந்தார். மெலிந்த மனிதர். அவர் பையை வாங்கிக் கவிழ்த்தார்கள். வேதப்புத்தகமும் ஒரு துண்டும் விழுந்தன.

"கனி எங்க ஐயா?" என்று கேட்டார் மூப்பர்.

"அதை நானே காட்டக்கூடாது. என்கூடப் பழகுனவங்கதான் சொல்லணும்."

"வீட்டுல வச்சிட்டு வந்துட்டாரு" என்று சுவாமியடியான் தீர்ப்புச் சொன்னான்.

அவரை அனுப்பிவிட்டார்கள். போகிற வழியில் அவர் பாக்கியத்தாய்ப் பாட்டியின் தண்ணீர்க் குடத்தை வாங்கி, வீடுவரை சுமந்து கொடுத்துவிட்டுப் போனார்.

"குடத்துல பழம் ஏதும் இருந்துச்சா?" என்று விசாரித்தார் மூப்பர்.

"தண்ணிதான் இருந்துச்சு" என்றாள் அவள்.

அடுத்தவர் காரில் வந்தார். வெள்ளைக் கோட்டு, விரலுக்கொரு மோதிரம், ஒரு கூடை ஆப்பிள். ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர். மூப்பர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "நல்ல கனி" என்றார். மேடை அவருக்குக் கிடைத்தது.

"விசுவாசிக்கு மருந்து எதுக்கு? மாத்திரையைத் தூக்கி எறி!" என்று முழங்கினார் அவர்.

பாக்கியத்தாய்க்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையின் தயவில்தான் அவள் நடமாடினாள். எழுந்து மாத்திரை அட்டையை எறிந்தாள். பிறகு குனிந்து பொறுக்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள். தினமும் காலையில் எறிவாள், பொறுக்குவாள், விழுங்குவாள்.

புதன்கிழமை போதகர் அவளைச் சாட்சி சொல்ல நிறுத்தினார்.

"எறிஞ்சேன் ஐயா. பொறுக்குனேன். முழுங்குனேன். தெம்பா இருக்கேன்."

"பொறுக்குனியா!"

"எறியத்தான சொன்னீங்க? பொறுக்காதன்னு சொல்லலையே."

போதகர் அட்டையைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார். சபை "ஆமென்" என்றது. அந்த ஆமெனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சனிக்கிழமை பாக்கியத்தாய் மயங்கி விழுந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்போதும் மூப்பருக்குச் சந்தேகம் வரவில்லை. திரும்பி வந்து, கூடையில் ஓர் ஆப்பிள் அழுகியிருந்ததைப் பார்த்த பிறகுதான் வந்தது.

"மூப்பரே, நேத்து நல்ல கனி, இன்னைக்குக் கெட்ட கனி. அப்ப ஆளு?" என்று கேட்டான் சுவாமியடியான்.

"நேத்துவரைக்கும் நல்ல போதகர்வே. இன்னைக்குத்தான் கள்ளப் போதகர்."

"எத்தனை மணியில இருந்து?"

அதை யோசிக்க மூப்பருக்கு மத்தியானம்வரை ஆயிற்று. பிறகு போதகரை ஊர் எல்லைவரை துரத்தினார்கள். "வேற கூடை வாங்கித் தாரேன்!" என்று கத்திக்கொண்டே அவர் காரில் ஏறினார்.

மாதக் கடைசியில் உபதேசியார் பஸ்ஸை விட்டு இறங்கினார். ஆலய வாசலில் இருவரும் வழிமறித்தார்கள்.

"கனி?"

"ஏய், நான் உங்க உபதேசியார்யா!"

"ஆளு தெரியுது. கனிதான் தெரியல" என்றார் மூப்பர்.

உபதேசியாருக்குப் பொறுமை போய்விட்டது. "நல்ல மரந்தான் நல்ல கனி கொடுக்கும். நான் என்ன மரமா?"

இருவரும் மெல்லத் திரும்பி, வளாகத்தில் நின்ற கொய்யாமரத்தைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மரத்துக்கு உபதேசியாரின் வெள்ளை அங்கி மாட்டியிருந்தது. எதிரே பாய் விரித்துச் சபை உட்கார்ந்திருந்தது. ஒரு காய் மூப்பரின் மண்டையில் விழுந்தது. "இன்னைக்குச் செய்தி எனக்குத்தான்" என்று அவர் கண்ணீர் விட்டார்.

"இது மரம்யா!" என்று அலறினார் உபதேசியார். "மரம் எப்படிய்யா போதிக்கும்?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாக்கியத்தாய் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தம் போடாதீங்க ஐயா. இந்த மரம் ஒரு வார்த்த மாத்திரையை எறியச் சொல்லல. கொய்யா சுகருக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீங்களும் உக்காருங்க, ஆசீர்வாதம் விழுந்தா ஆளுக்குப் பாதி."