அறுநூற்றுப் பன்னிரண்டு முகவரிகள்

"குருவே, அந்த வேவுக்காரனை நம்பி நான் மோசம் போயிட்டேன்!"

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் ஜெபராணிக்கு வயது இருபத்தாறு. சிஷ்யர் இசக்கியப்பனுக்கு அறுபத்தொன்று, ரிட்டயர்டு போஸ்ட்மேன். குருவே என்று கூப்பிடாதீங்க என்று அவளும் சொல்லிப் பார்த்துவிட்டாள். கேட்டால்தானே!

வேவுக்காரன் என்பது அவரே எழுதிய சாட்பாட். பாஸ்வேர்டை அரைத்தால் வரும் பொடிக்கு ஹாஷ் என்று பேர். பொடியைத் திரும்ப மிளகாயாக்க முடியாது. ஆனால் அரட்டைக் குழுவில் பொடியைப் போட்டால், ஏற்கெனவே யாராவது அரைத்து வைத்த பொடிகளோடு இணையம் பூராவும் ஒத்துப் பார்த்து, "இது இன்ன மிளகாய்" என்று வேவுக்காரன் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவான்.

"போன வாரம் உங்க பாஸ்வேர்டையே ரெண்டு செகண்டில சொல்லிட்டாம்லா?"

"அந்த மானக்கேடு இப்ப எதுக்கு சார்? விஷயத்துக்கு வாங்க."

"மக கல்யாணத்துக்கு அறுநூத்திப் பன்னிரண்டு முகவரி டைப் பண்ணிப் பூட்டி வச்சேன். சென்னையில ஒரு மாசம் இருந்துட்டு வந்து பார்த்தா, பாஸ்வேர்ட் மறந்துபோச்சு. பத்திரிகை அச்சாகி வந்தாச்சு, இன்னைக்குத் தபால்ல போட்டே ஆகணும். ஒரு சொந்தம் விட்டுப்போனாலும் பிறகு நான் தெருவில தலைகாட்ட முடியுமா?"

"யோசிச்சுப் பார்த்தீங்களா?"

"யோசிச்சு யோசிச்சு நாற்பது தடவை அடிச்சேன். எல்லாம் தப்பு. பூட்டில இருந்த பொடியை எடுத்து வேவுக்காரன்கிட்ட போட்டேன். அவனும் கைவிரிச்சுட்டான். உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாதாம்!"

ஜெபராணி சிரித்தாள். "நல்ல சேதிதானே. யாராலயும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்ட்!"

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க குருவே!"

அவர் கொண்டுவந்த லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னாலேயே வைத்தாள்.

"சரி, எதுக்குப் பூட்டினீங்க?"

"எல்லாம் எங்க மச்சானாலதான். அவனுக்கு எதுக்குப் பத்திரிகை, இவன் பேரை எடுங்கன்னு வந்து நோண்டுவாரு."

"எப்பவுமே இப்படித்தானா?"

அவ்வளவுதான், இசக்கியப்பன் பிடித்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மச்சான் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, மாப்பிள்ளையின் அப்பாவிடம் தேவையில்லாமல் வாயைக் கொடுத்தது. எல்லாம் வந்தது.

"அந்த ஃபைலைக் கொஞ்சம் காட்டுங்க சார்," என்றாள் நடுவில்.

"இந்தா பாருங்க," என்று பேச்சை விடாமலே, பழக்கத்தில் கீபோர்டைத் தட்டினார். "நிச்சயதார்த்தப் பந்தியில உக்காந்துகிட்டு சொல்லுதாரு, சாம்பார்ல உப்பு இல்லையாம்! மூணு தடவை வாங்கி ஊத்திச் சாப்பிட்ட மனுஷன் பேசுத பேச்சா இது?"

திரையில் வரிசையாக முகவரிகள் நின்றன.

"திறந்துட்டு!" இசக்கியப்பன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "குருவே, திறந்துட்டு!"

"முதல் பேரு யாரு சார்?"

"மச்சான்தான். பின்னே? தாய்மாமனுக்குத்தானே முதல் பத்திரிகை!" சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அது சரி. பாஸ்வேர்ட் என்ன?"

அவர் தன் பத்து விரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியலையே குருவே!"