மடத்தம்மா செய்த மொய்

வைரக்கண்ணு ஒன்று நினைத்துவிட்டால் முடிக்காமல் விடமாட்டார். ஊரில் அரிசி ஆலை முதலாளி. ஏரிக்கரை மடத்துக்கு வந்தால் மட்டும் தரையில் உட்காருவார். மடத்தம்மா அவரைவிட வயதில் சின்னவர்தான். இருந்தாலும் குரு குருதானே!

வைரக்கண்ணுவின் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தஞ்சாவூர் போகிற வழியிலேயே வேனில் உயிரை விட்டான். அன்றிலிருந்து வைரக்கண்ணுவுக்கு ஒரே வெறி. ஊரிலேயே இதய வைத்தியத்துக்கு ஒரு நிலையம் கட்டியாக வேண்டும்.

"மொய் விருந்து வைக்கப் போறேம்மா. வர்றது மொத்தமும் நிலையத்துக்கு. நீங்க கட்டாயம் வரணும்."

"வர்றேன். டாக்டர் உன்னைத் தினமும் நடக்கச் சொன்னாரே, நடக்கிறியா?"

"எங்கம்மா நேரம்? அழைப்பு வைக்க ஊர் ஊரா அலையிறேன்."

"நடந்தா?"

"கார்லதான்."



விருந்தன்று ஊரே பந்தலில் இருந்தது. கிடாக்கறிக் குழம்பில் எண்ணெய் மிதந்தது. இதயத்துக்காக வைத்த விருந்தில் ஈரல் வறுவல் வேறு! ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. தின்றார்கள், மொய் எழுதினார்கள், ஏப்பம் விட்டபடி போனார்கள். வைரக்கண்ணு மூச்சு வாங்கப் பந்திக்குப் பந்தி ஓடினார். "செத்த உக்காருங்களேன்" என்று மனைவி சொர்ணம் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தாள்.

மடத்தம்மா வந்து மொய் மேசை முன்னால் நின்றார். வைரக்கண்ணு கைகூப்பியபடி வந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. கறி போடலன்னா நம்ம பக்கம் யாரு வருவா?"

"அது உன் பாடு. நான் மொய் செய்ய வந்தேன். கையில காசு கிடையாது."

"நீங்க வந்ததே போதும்மா."

"அதெப்படி? ஏரியைச் சுத்தி உன்கூட ஒரு நடை. அதான் என் மொய். வா."

மேசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"இப்பவா? பந்தி நடக்குதும்மா!"

"வந்த மொய்யை வேண்டாம்னு சொல்றது உங்க ஊர் வழக்கமா?"

மொய்யைத் தள்ளினால் செய்தவரின் முகத்தில் அடித்த மாதிரி. வைரக்கண்ணு தோள் துண்டைச் சொர்ணத்திடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

பாதிக் கரை வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மதகுக் கட்டையில் பொத்தென்று உட்கார்ந்தார். இரைப்பு அடங்கும்வரை மடத்தம்மா பக்கத்திலேயே இருந்தார்.

"உங்க ஊர்ல வாங்கின மொய்யை எப்படித் திருப்புவீங்க?"

"மேல கொஞ்சம் கூடப் போட்டுத்தாம்மா. அதானே முறை."

"என்னோடதை எப்ப திருப்புவ?"

வைரக்கண்ணு பந்தல் இருந்த திசையைப் பார்த்தார். மைக்கில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நிலையத்தை ஒரு மூச்சில கட்டி முடிச்சிடுறேம்மா. அப்புறம் உங்க மொய்தான். தினமும் நடக்கிறேன், சத்தியமா."

"உன் தம்பி வச்ச விருந்திலயும் இதே மொய்தான் செஞ்சேன், வைரக்கண்ணு. அவனும் அப்புறம்னுதான் சொன்னான்."

மைக் மறுபடியும் கூப்பிட்டது. வைரக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பந்தல் பக்கம் திரும்பாமல், மீதிக் கரையை மெல்ல நடக்கத் தொடங்கினார்.