உள்ளே ஆள் இருக்கப் பூசிய சுவர்

"வாசலைப் பூசுமுன்னே..." என்று தொடங்கும் ஒரு பழமொழியை மூக்காண்டியின் பெரியப்பா அடிக்கடி சொல்வார். பின்பாதி என்னவென்று மூக்காண்டிக்கு மறந்துவிட்டது. "வயிறு நிறையத் தின்னு" என்று இருக்கும் என அவனே தீர்மானித்துக்கொண்டான். ஆகவே அன்று காலை ஓர் அத்தி மரத்தைப் பாதி காலி செய்துவிட்டுத்தான் வேலையில் இறங்கினான்.

மூக்காண்டி ஓர் இருவாச்சி. மலைக்காட்டு இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆண் பறவை மண் உருண்டை கொண்டுவரும். இரண்டும் சேர்ந்து வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளே இருப்பவள் இறகை உதிர்த்துவிட்டு, குஞ்சு வளரும்வரை வெளியே வரமாட்டாள். வெளியே இருப்பவன் அந்தக் கீறல் வழியாகப் பழம் ஊட்டுவான். பாம்போ குரங்கோ திருடனோ, எவனும் உள்ளே வர முடியாது.

காட்டிலேயே நன்றாகச் சுவர் பூசுகிறவன் மூக்காண்டிதான். அப்படி அவனே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

அவன் மனைவி வெள்ளாயி பொந்துக்குள் நுழைந்ததுமே மூக்கை உறிஞ்சினாள்.

"ஏனுங்க, உள்ளே ஒரு வாசனை அடிக்குது. அரிசி வேகற மாதிரி."

"பழைய மரம்னா வாசனை இருக்கத்தான் செய்யும். பேசாம மண்ணைப் பிடி!"

"மேல பரண் மாதிரி ஒரு குடைவு வேற இருக்குங்க. ஒரே இருட்டு. எட்டிப் பார்க்கட்டுமா?"

"மண்ணு காயுது புள்ள! அப்புறம் பார்த்துக்கலாம்!"

பொழுது சாய்வதற்குள் சுவர் முடிந்தது. வழவழவென்று, அலகால் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வரும் சுவர். பக்கத்துக் கிளையில் பவளாத்தா என்ற மலை அணில் வாலைத் தொங்கவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்த செய்தி அடுத்த நாளே அருவிக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

"பவளாத்தா, நல்லா பார்த்துக்கோ! இந்தச் சுவரைத் தாண்டி ஒரு எறும்பு உள்ளே போகட்டும், என் பேரை மாத்தி வச்சுக்கறேன்!" என்றான் மூக்காண்டி.

"அடேயப்பா! போய் நாலு பேருக்குச் சொல்றேன் அண்ணா!" என்று பவளாத்தா தாவி ஓடினாள்.

மூக்காண்டி மார்பை நிமிர்த்திக்கொண்டு முதல் அத்திப் பழத்தைக் கீறலுக்குள் நீட்டினான். பழம் சட்டென்று மறைந்தது. இரண்டாவது நீட்டினான். அதுவும் மறைந்தது. மூன்று, நான்கு, ஏழு, பத்து.

"கொஞ்சம் புளிப்பா இருக்கு. வேற மரத்துல பாருங்க," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"ஏன் வெள்ளாயி, தொண்டை கட்டியிருக்கா?"

"நான் எங்கே பேசினேன்? எப்பத்தான் பழம் தருவீங்கன்னு அரை நாழியா வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கேன்!"

மூக்காண்டி கீறலில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான். உள்ளே வெள்ளாயியின் ஒரு கண் தெரிந்தது. அதற்கு மேலே இன்னும் இரண்டு கண்கள் தெரிந்தன.

மரநாய்! அரிசி வேகற வாசனை இதன் உடம்பிலிருந்துதான் வந்திருக்கிறது.

உள்ளே இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டது. "ஐயோ!" என்று ஒரு குரல். "யாருடா நீ!" என்று இன்னொரு குரல். டொக் டொக்கென்று கொத்து விழுந்தது.

"அம்மா, அம்மா, கொத்தாதீங்க! நான் திருட வரலை. தூங்க வந்தேன்!" என்று மரநாய் கதறியது. "பேரு சீனிச்சாமிங்க. நேத்துக் காத்துல என் மரம் சாஞ்சு போச்சு. வழி தெரியாம அலைஞ்சு, விடியக்காலம் இந்தப் பரண்ல படுத்தேன். எந்திரிச்சுப் பார்த்தா வாசலைக் காணோம்!"

"வாசலைப் பூசுமுன்னே உள்ளே பார்!" பழமொழியின் பின்பாதி மூக்காண்டிக்கு அப்போதுதான் பளிச்சென்று ஞாபகம் வந்தது. வந்து என்ன பயன்?

"அண்ணா, சுவரை ஒரு ஓரமா உடைச்சு விடுங்க. சத்தமில்லாம போயிடறேன்," என்று கெஞ்சியது சீனிச்சாமி.

"உடைங்க!" என்றாள் வெள்ளாயி. "இன்னும் மூணு நாள்ல முட்டை இடணும். மரநாய் முட்டையை விட்டு வைக்குமா?"

மூக்காண்டி அலகை ஓங்கினான். அதற்குள் பவளாத்தா திரும்பி வருகிற சத்தம் கேட்டது. ஓங்கிய அலகு அப்படியே நின்றது. இப்போது உடைத்தால் என்ன சொல்வது? காட்டிலேயே சிறந்த கொத்தன், திருடனை உள்ளே விட்டுப் பூசினான் என்றா?

"இப்ப வேண்டாம். ஆள் வருது. நாளைக்குப் பார்க்கலாம்," என்று கிசுகிசுத்தான்.

"நாளைக்கா!" என்றாள் வெள்ளாயி.

"நாளைக்கா?" என்றது சீனிச்சாமியும். ஆனால் அதன் குரலில் கெஞ்சல் போய், யோசனை வந்திருந்தது. "அப்படின்னா நான் இங்கே இருக்கறது வெளியே தெரியக் கூடாது. அப்படித்தானே அண்ணா?"

"மெதுவா பேசு!"

"பேசறேன். இன்னும் ரெண்டு பழம் கொடுத்தா இன்னும் மெதுவா பேசறேன்."

மறுநாள் காலையிலிருந்து மூக்காண்டிக்கு இறக்கை மடங்கவில்லை. வெள்ளாயிக்கு ஒரு பங்கு கொண்டுவந்தால் விருந்தாளிக்கு இரண்டு பங்கு வேண்டியிருந்தது. ஆலம்பழம் தந்தால் "விதை ஜாஸ்தி" என்றது சீனிச்சாமி. நாவல் தந்தால் "நாக்கு கறுத்துப் போகும்" என்றது. மத்தியானம் ஆனதும் பெரிய குண்டைப் போட்டது.

"அண்ணா, எனக்குப் பொழுது சாஞ்சா காபி வேணும். இல்லேன்னா தலைவலி வந்து சத்தமா முனகுவேன்."

"காபியா? காட்டுல ஏதுடா காபி!"

"ரெண்டு மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டு இருக்கில்ல? காபிப் பழம். நல்லா சிவந்ததா பார்த்துப் பறிங்க. பச்சை கலக்கக் கூடாது."

மூக்காண்டி இரண்டு மலை தாண்டிப் பறந்தான். சிவந்த பழமாகப் பொறுக்கி, தொண்டை புடைக்க அடைத்துக்கொண்டு வந்தான். வழியில் பவளாத்தா மறித்தாள்.

"என்ன அண்ணா, வீட்ல விசேஷமா? காலையில இருந்து முப்பது நடை போயாச்சு!"

வாய் நிறையக் காபிப் பழம் இருந்ததால் மூக்காண்டியால் பதில் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

"அண்ணிக்கு நல்ல பசி போல! சுவர் எப்படிக் காயுது? உங்க சுவரைப் பார்க்க நாளன்னைக்கு இளஞ்சோடிங்க எல்லாம் வர்றாங்க. நான்தான் சொல்லியனுப்பினேன்!"

மூக்காண்டிக்கு இரண்டு காபிப் பழம் தவறித் தொண்டைக்குள் போய்விட்டது. அன்று அவனுக்குத் தூக்கமே வரவில்லை.

உள்ளே வெள்ளாயிக்கும் தூக்கம் இல்லை. சீனிச்சாமியைப் பரணின் மூலையில் உட்கார வைத்து, அலகை ஈட்டி போல நீட்டிக் காவல் காத்தாள்.

"காலை மடக்கு! வாலை என் பக்கம் போடாதே! வாய் துடைச்சியா?" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். சீனிச்சாமி பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல வாயைத் துடைத்துக் காட்டியது. ஆனால் பார்வை மட்டும் அவள் அடிவயிற்றிலேயே இருந்தது.

"எப்பங்க முட்டை?" என்று மரியாதையாகக் கேட்டது.

"உனக்கு எதுக்கு?"

"சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு."

நான்காம் நாள் காலை வெள்ளாயி கணவனைக் கீறலருகே அழைத்தாள். அவள் இறகில் பாதி உதிர்ந்திருந்தது. இனி வெளியே வந்தாலும் பறக்க முடியாது.

"ஏனுங்க, நான் முட்டையை அடக்கிட்டு உக்காந்திருக்கேன். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? நான் கண் அசர்ற நேரத்துல இவன் ஒரே வாய்ல முழுங்கிடுவான். வெளியே நாலு பேரு சிரிக்கறது பெருசா, உள்ளே நம்ம குஞ்சு பெருசா? சட்டுன்னு சொல்லுங்க!"

"இன்னிக்கு ஒரு பொழுது மட்டும் பொறுத்துக்கோ வெள்ளாயி. எல்லாரும் வந்து பார்த்துட்டுப் போனதும் உடைச்சுடறேன்."

"அதை முட்டைகிட்டச் சொல்லுங்க!"

பேசி முடிக்கவில்லை, காடே அதிர்ந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு இளம் இருவாச்சிகள் ஜோடி ஜோடியாக வந்து இறங்கின. மொத்தம் பன்னிரண்டு அலகுகள். முன்னால் பவளாத்தா வழிகாட்டிக்கொண்டு வந்தாள்.

"பாருங்க, பாருங்க! எறும்பு நுழையாத சுவர்!"

"அடடா, என்ன வழவழப்பு!" என்றது ஒன்று.

"மண்ணுல என்ன சேர்த்தீங்க அண்ணா?" என்றது இன்னொன்று.

"நாங்க நாளைக்குப் பூசறோம். நீங்க செஞ்சதை அப்படியே செய்யப் போறோம், ஒண்ணு விடாம!" என்றது ஓர் இளம் ஜோடி.

மூக்காண்டி பல்லில்லாத வாயால் இளித்தான். அப்போது சுவருக்குள்ளிருந்து வெள்ளாயி அலறினாள்.

"வருதுங்க! இனி அடக்க முடியாது!"

உடனே கீறலில் சீனிச்சாமியின் மீசை தெரிந்தது. வெளியே வரிசையாக நின்ற பன்னிரண்டு அலகுகளைப் பார்த்ததும் அதற்கு முட்டை ஆசை பறந்து போயிற்று. மெல்லக் கிசுகிசுத்தது.

"அண்ணா, என்னை உயிரோட போக விடுங்க. நான் சுவரைக் கிழிச்சு உள்ளே புகுந்தேன், நீங்க மோப்பம் பிடிச்சு அமுக்கிட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் நானே சொல்றேன். உங்க மானத்துக்கு ஒரு கீறல் விழாது!"

மூக்காண்டி ஓங்கிக் கொத்தினான். மூன்று நாளாக அவன் பெருமைப்பட்ட சுவர் ஒரு மூலையில் பொலபொலவென்று உதிர்ந்தது. ஓட்டை வழியாக ஒரு மூக்கு வந்தது, ஒரு மீசை வந்தது, காபிப் பழம் தின்று உப்பிய ஒரு வயிறு மாட்டிக்கொண்டு நின்றது. பின்னாலிருந்து வெள்ளாயி விட்ட ஒரு கொத்தில் அதுவும் வந்துவிட்டது!

"ஐயோ, பிடிச்சுட்டாரே! அண்ணனுக்கு என்ன மோப்பம், என்ன பார்வை!" என்று கத்திக்கொண்டே சீனிச்சாமி மரத்திலிருந்து மரத்துக்குத் தாவி மறைந்தது.

இறகுதிர்ந்த வெள்ளாயி உதிர்ந்த மண்ணை உள்ளே இழுத்து ஓட்டையை மூடத் தொடங்கினாள். இரண்டு உருண்டை வைத்திருப்பாள். பிறகு முட்டையிட உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள்.

"ஆச்சு!" என்றாள் உள்ளிருந்து.

கைதட்ட முடியாத பறவைகள் இறக்கையைத் தட்டின. பவளாத்தா கிளையில் மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"திருடனைக் கையும் களவுமா பிடிச்சார் மூக்காண்டி அண்ணா!" என்று கூவினாள். "இதை அருவி வரைக்கும் போய்ச் சொல்லணும்!"

"அப்படிப்பட்ட திருடன் எப்படி அண்ணா உள்ளே புகுந்தான்?" என்று கேட்டது நாளைக்குச் சுவர் பூசப்போகும் அந்த இளம் ஜோடி.

தவற்றைத் திருத்த ஒரு கொத்து போதும், அதை மறைக்கத்தான் மலை மலையாகப் பறக்க வேண்டியிருக்கிறது.

"அவன் புகவே இல்லை," என்றான் மூக்காண்டி, கடைசிக் கிளையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி. "அவனை உள்ளே வச்சுப் பூசினதே நான்தான்."